உட்காரும்போதுதான் வலிக்கிறது

மாணவர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பாட்டியோ தாத்தாவோ தரையில் உட்கார்ந்திருந்தால், அவர் எழுந்து நிற்பதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பாருங்கள். கை கொடுக்க வேண்டியிருந்தால் கொடுங்கள். ஆனால், கண்ணை மட்டும் எடுக்காதீர்கள்.

பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவப் படிப்பில் நான் சேர்ந்த முதல் பருவத்தில் என் விரிவுரையாளர் எனக்குக் கொடுத்த வேலை இது. விடுமுறைக்குப் பீடோங் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்துக்குப் போனேன். அம்மா லயத்து வீட்டின் முன்னறையில் சம்மணமிட்டு உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் நோட்டுப் புத்தகத்தோடு எதிரே உட்கார்ந்தேன்.

அம்மா எழுந்தார். முதலில் கால்களை ஒரு பக்கமாக மடக்கி இடுப்பைச் சாய்த்தார். பிறகு இரு கைகளையும் தரையில் ஊன்றி, குழந்தை தவழ்வதுபோல் முழங்கால்களில் நின்றார். அடுத்து ஒரு பாதத்தை முன்னே வைத்தார். மறு முழங்கால் தரையிலேயே இருந்தது. கடைசியாக முன்தொடையில் கையை ஊன்றி, “முருகா” என்று சொல்லி நிமிர்ந்தார்.

உட்கார்ந்த நிலை, பக்கவாட்டில் சாய்ந்த நிலை, தவழும் நிலை, ஒற்றைக்காலில் மண்டியிட்ட நிலை, நின்ற நிலை என்று ஐந்தையும் படத்தோடு எழுதிக் கொடுத்தேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. நான் எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா ஒன்று சொன்னார். அதை மட்டும் நான் எழுதவில்லை.

“எழுந்திருக்கறதுகூட பரவால்லப்பா. உட்கார்றதுதான் உயிர் போகுது.”

வயதானவர்கள் எதையாவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன். எழுந்திருப்பது உடலை மேலே தூக்கும் வேலை. உட்காருவது கீழே இறங்கும் வேலை. தூக்குவதைவிட இறங்குவது எப்படிக் கடினமாக இருக்கும்? பள்ளியில் இயற்பியலில் ‘ஏ’ எடுத்தவன் நான்!

மல்லாந்து, குப்புற, ஒருக்களித்து

உடற்பயிற்சிச் சிகிச்சையைப் படிக்க வருபவர் முதலில் கற்பது பயிற்சியை அல்ல. பயிற்சி தொடங்கும் நிலையை. படுத்தல், உட்கார்தல், மண்டியிடுதல், நிற்றல், தொங்குதல் என அடிப்படை நிலைகள் ஐந்து. மற்றவை எல்லாம் இவற்றில் கையையோ காலையோ உடம்பையோ சற்று மாற்றி அமைத்துப் பெறப்படுபவை. இந்த முறையின் வேர் சுவீடனில் இருக்கிறது. பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் ஓர் உடற்பயிற்சிக் கழகத்தைத் தொடங்கினார். எந்த நிலையில் தொடங்குகிறோம், எந்தத் திசையில் அசைகிறோம், எங்கே முடிக்கிறோம் என்று ஒவ்வோர் அசைவையும் வரையறுத்துச் சொல்லும் பழக்கம் அவருடைய வழியில் வளர்ந்தது.

ஆங்கிலப் பாடநூலில் இந்த நிலைகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. தமிழில் இவை என் பாட்டியின் வாயிலேயே இருந்தன. முதுகு தரையில் பட்டால் மல்லாந்து. வயிறு பட்டால் குப்புற. விலாப்பக்கம் பட்டால் ஒருக்களித்து. உட்காருவதில் சம்மணம் வேறு, குத்தவைப்பது வேறு, கால் நீட்டி உட்காருவது வேறு. பாயில் படுத்து, தரையில் உண்டு, குத்தவைத்துப் பாத்திரம் கழுவிய மக்களின் மொழி அல்லவா!

நிலை ஏன் முக்கியம்? இரண்டு காரணங்கள். முதலாவது, தாங்கும் தளம். உடலின் எந்தப் பகுதிகள் தரையைத் தொடுகின்றனவோ அவையும் அவற்றுக்கு இடைப்பட்ட பரப்பும் சேர்ந்ததுதான் தளம். மல்லாந்து படுத்தால் தளம் மிகப் பெரியது. நிற்கும்போது இரு பாதங்களும் அவற்றின் நடுவிலுள்ள இடமும் மட்டுமே. இரண்டாவது, புவியீர்ப்பு மையத்தின் உயரம். நிற்கும்போது அது இடுப்புக்குள், முதுகெலும்பின் அடிப்பகுதியிலுள்ள திரிக எலும்பின் இரண்டாம் கணுவுக்குச் சற்று முன்னால் இருக்கும். படுத்துவிட்டால் அது தரையை ஒட்டி வந்துவிடுகிறது. தளம் பெரிதாக, மையம் தாழ்வாக இருந்தால் விழுந்துவிடுவோம் என்ற பயம் இல்லை. பயம் இல்லாத உடம்பில் தசைகள் தளரும். அதனால்தான் வலியுள்ளவரைப் பெரும்பாலும் படுத்த நிலையில் தொடங்கச் சொல்கிறோம். தேறத் தேற உட்கார, மண்டியிட, நிற்க வைக்கிறோம். குழந்தை புரண்டு, தவழ்ந்து, உட்கார்ந்து, நிற்கும் வரிசையும் கிட்டத்தட்ட இதுதான்.

தொங்கும் நிலையைப் பற்றி ஒரு வரி போதும். ரம்புத்தான் மரத்தில் தொங்கிய வயதில் நமக்கு அது விளையாட்டு. சிகிச்சைக்கு வருகிறவர்களில் மிகச் சிலருக்கே அது பயன்படுகிறது.

நிற்பதைச் ‘சும்மா நிற்கிறேன்’ என்று சொல்கிறோமே, அது சரியில்லை. நேராக நிற்கும்போது உடல் எடையின் கோடு கணுக்கால் மூட்டுக்குச் சற்று முன்னால் விழுகிறது. அதாவது, நாம் எப்போதும் முன்பக்கம் சாய்ந்து விழப் போகிற நிலையில்தான் நிற்கிறோம். விழாமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பவை கெண்டைக்கால் தசைகள். அவை இன்னொரு வேலையும் செய்கின்றன: நடக்கும்போது மாறி மாறி இறுகி, காலில் தேங்கும் இரத்தத்தை இதயத்துக்குத் தள்ளுகின்றன. திங்கட்கிழமைச் சபைகூடலில் அசையாமல் நின்ற மாணவர் மயங்கி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். காலை உணவு சாப்பிடாதது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. அசையாத காலில் இரத்தம் தங்கி, மூளைக்குப் போகும் அளவு குறைந்துவிடுவதும் ஒரு காரணம். தலைமையாசிரியர் உரை நீண்டால், காலணிக்குள் விரல்களை மடக்கி நீட்டுங்கள். குதிகாலை லேசாக உயர்த்தி இறக்குங்கள். யாருக்கும் தெரியாது.

கோப்பையைக் கீழே வைப்பது யார்?

இப்போது ஒரு கேள்வி. மேசையிலிருந்து தண்ணீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டு போகிறீர்கள். முழங்கை மடங்குகிறது. உழைப்பது முன்கையை மடக்கும் பைசெப்ஸ் எனும் இருதலைத் தசை. சரி. குடித்துவிட்டுக் கோப்பையை மெதுவாகக் கீழே வைக்கிறீர்கள். முழங்கை நீள்கிறது. இப்போது உழைப்பது எது?

நான்காம் படிவ உயிரியல் படித்தவர்கள் உடனே ‘டிரைசெப்ஸ்’ என்பார்கள். பைசெப்ஸ் சுருங்கினால் டிரைசெப்ஸ் தளரும், டிரைசெப்ஸ் சுருங்கினால் பைசெப்ஸ் தளரும் என்று படித்திருக்கிறோம். நானும் அப்படித்தான் சொன்னேன். வகுப்பே சொன்னது. விரிவுரையாளர் ஒன்றும் பேசாமல் கனமான ஒரு புத்தகத்தை என் கையில் வைத்து, “இறக்கு, மறு கையால் மேல்கையைத் தொட்டுப் பார்” என்றார்.

நீங்களும் செய்து பாருங்கள். புத்தகம் மெதுவாக இறங்கும்போது மேல்கையின் முன்புறம்தான் இறுகியிருக்கும். பின்புறத்திலுள்ள டிரைசெப்ஸ் தொளதொளவென்று கிடக்கும். ஏனெனில், முழங்கையை நீட்டும் வேலையைப் புவியீர்ப்பு செய்கிறது. பைசெப்ஸ் விட்டுவிட்டால் கோப்பை தடாலென்று மேசையில் விழும். அதனால் அது இறுகிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு கொடுக்கிறது. கிணற்றில் வாளியை இறக்குபவர் கயிற்றை விட்டுவிடுவதில்லை. பிடித்துப் பிடித்து விடுகிறார். அதே வேலைதான்.

ஆகத் தசையின் உழைப்பு மூன்று வகை. சுருங்கிக்கொண்டே உழைப்பது கான்சென்ட்ரிக். நீண்டுகொண்டே உழைப்பது எக்சென்ட்ரிக். நீளம் மாறாமல் பிடித்து நிற்பது ஐசோமெட்ரிக். தமிழில் சுருங்கும் உழைப்பு, நீளும் உழைப்பு, நிலைத்த உழைப்பு என்று சொல்லிக்கொள்கிறேன். மூன்றையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமானால் பிள்ளையார் சன்னதிக்குப் போங்கள். தோப்புக்கரணம் போடுபவர் கீழே இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உழைக்கிறது. பாதியில் நிறுத்தினால் நிலைத்த உழைப்பு. எழும்போது அதே தசை சுருங்கி உழைக்கிறது. இறங்குவதற்கு ஒரு தசை, ஏறுவதற்கு வேறு தசை என்பது கிடையாது.

இந்த நீளும் உழைப்பு ஒரு வினோதமான ஆள். 1952இல் இங்கிலாந்தில் அபோட், பிரெண்டா பிக்லண்ட், ரிட்சி என்ற மூன்று விஞ்ஞானிகள் இரண்டு சைக்கிள்களை எதிரெதிர்த் திசையில் நிறுத்தி, ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும். மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதிகட்டையைக் காலால் எதிர்த்துத் தடுக்க வேண்டும். விசை இருவருக்கும் ஒன்றுதான். ஆனால், தடுத்தவருக்குச் செலவான ஆக்சிஜன் மிதித்தவரைவிட மிகவும் குறைவு. சுருங்கும்போது தாங்க முடியாத சுமையையும் நீளும்போது தசை தாங்கிவிடும்.

அப்படியானால் நீளும் உழைப்பு சுலபம் என்று நினைப்பீர்கள். மூச்சு வாங்காது, உண்மைதான். ஆனால், பழக்கமில்லாத தசை அப்படி உழைத்தால் அதன் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. வலி உடனே தெரியாது. ஒன்று முதல் மூன்று நாள் கழித்து உச்சத்துக்கு வரும். குனோங் ஜெராய் மலை ஏறி இறங்கியவர்களைக் கேளுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிப்பது பெரும்பாலும் இறங்கியதற்காக.

இந்தப் பாடம் நடந்த அன்றுதான் அம்மா சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. உட்கார்றதுதான் உயிர் போகுது. அம்மா சொன்னது முழங்கால் பிரச்சினையின் பாடம். முன்தொடைத் தசை பலவீனமான ஒருவர் தரையில் இறங்கும்போது, உடல் எடையைப் பிடித்துப் பிடித்து விட வேண்டிய தசையால் அதைச் செய்ய முடிவதில்லை. பாதி வழியில் பிடி நழுவுகிறது. அந்தச் சுமை மூட்டில் போய் விழுகிறது. அம்மா அறிகுறியைத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார், நான்தான் எழுதிக்கொள்ளவில்லை.

பால்மரமும் முதுகும்

அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் வேலை. வெயில் ஏறாத நேரத்தில்தான் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருந்து பால் நன்றாக ஓடும். உளியால் இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கச் சரிவுக்குச் சாய்வாகப் பட்டையைச் சீவ வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு பட்டை போகும். பிறகு மங்கைச் சரிசெய்துவிட்டு அடுத்த மரம். ஒரு நிரையில் நூற்றுக்கணக்கான மரங்கள்.

புதிதாக வெட்டத் தொடங்கும் மரத்தில் கோடு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அப்போது வெட்டுபவர் நிமிர்ந்து நிற்கலாம். ஆண்டுக்கு ஆண்டு பட்டை சீவப்பட்டுக் கோடு இறங்கும். அதோடு வெட்டுபவரின் முதுகும் இறங்கும். ஐந்தாறு ஆண்டுகளில் கோடு அடிமரத்துக்கு வந்துவிட்டால் குனிய வேண்டும், இல்லாவிட்டால் குத்தவைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான தடவை குத்தவைத்து எழுந்தால் கால் போகும் என்பதால் பலர் குனிந்தே வெட்டுவார்கள். அம்மாவும் அப்படித்தான். அவர் எந்த நிரையில் வெட்டுகிறார் என்பதைச் சாயங்காலம் அவர் நடக்கும் விதத்திலேயே சொல்லிவிடலாம் என்று அப்பா கேலி செய்வார். அது கேலி இல்லை என்று பின்னால்தான் புரிந்தது.

பாதி குனிந்த நிலையில் முதுகுத் தசைகள் நிலைத்த உழைப்பில் இருக்கின்றன. இறுகிய தசை தன்னுள் ஓடும் இரத்தக் குழாய்களைத் தானே நெருக்கிவிடுகிறது. ஆக்சிஜன் குறைகிறது, சீக்கிரம் களைக்கிறது. முழுவதும் குனிந்துவிட்டால் இன்னொன்று நடக்கிறது: முதுகுத் தசைகள் ஏறக்குறைய அமைதியாகிவிடுகின்றன. ஃபிளாய்ட், சில்வர் என்ற இருவர் 1955இல் மின்கருவி மூலம் இதைக் காட்டினார்கள். தசை விட்டுவிட்ட சுமையைத் தசைநார்களும் வட்டுகளும் சுமக்கின்றன. குனிந்தபடியே இருப்பது ஓய்வுபோலத் தோன்றுவது இதனால்தான்.

கெண்டாரிலும் வாளியிலும் பாலைச் சுமப்பதும், செம்பனைக் குலையைத் தூக்கி வண்டியில் போடுவதும் இதற்கு மேல். ஜெர்மனியில் வில்கே என்பவரும் அவர் குழுவினரும் ஒரு தன்னார்வலரின் முதுகெலும்பு வட்டுக்குள் உணர்கருவியை வைத்து அழுத்தத்தை அளந்து 1999இல் வெளியிட்டார்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல். நிற்கும்போது 0.5. சுமார் 20 கிலோ எடையை முதுகு வளைத்துத் தூக்கும்போது 2.3. அதே எடையை முழங்கால் மடக்கித் தூக்கினால் 1.7. உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டால் 1.1. ஒரு செம்பனைக் குலை 20 கிலோவைத் தாண்டுவது சர்வ சாதாரணம். தென் தாய்லாந்திலும் இலங்கையிலும் பால்மரம் வெட்டுபவர்களை ஆராய்ந்தவர்கள், அவர்களின் உடல்வலிகளில் இடுப்பு வலி முன்னிலையில் இருப்பதைக் கண்டார்கள். இங்கே எங்கள் தோட்டத்து மருந்தகத்தில் அதற்குக் கிடைத்தது ஒரு மஞ்சள் நிறத் தைலம்.

இன்னொரு சிறிய விஷயம். கையை இறுக்கி முட்டி பிடியுங்கள். இப்போது மணிக்கட்டை உள்பக்கம் முழுதாக மடக்கிக்கொண்டு அதே பலத்தோடு முட்டி பிடிக்கப் பாருங்கள். முடியாது. விரல்கள் இறுகிப் பிடிக்க வேண்டுமானால், முன்கையின் பின்பக்கத் தசைகள் மணிக்கட்டை நிமிர்த்திப் பிடித்திருக்க வேண்டும். முன்னால் தெரியும் தசைக்குப் பின்னால், துணைக்கு நிற்கும் தசையும் நிலைநிறுத்தும் தசையும் உண்டு. மரம் வெட்டும் பெண்கள் பலருக்கு உளி பிடிக்கும் உள்ளங்கையைவிட முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கும். மணிக்கட்டை நிமிர்த்தும் அந்தத் துணைத் தசைகள் எலும்பில் ஒட்டியிருக்கும் இடம் அதுதான்.

நான் செய்த தவறு

இரண்டாம் ஆண்டில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். அம்மாவுக்கு நீளும் உழைப்பில்தான் குறை என்று கண்டுபிடித்தாயிற்று. எனவே அதையே பயிற்சியாகக் கொடுப்போம். வாசற்படியில் நிற்க வைத்து, ஒரு காலால் மெதுவாகக் கீழே இறங்கச் சொன்னேன். பத்துத் தடவை, மூன்று சுற்று. அடுத்து, பாதித் தோப்புக்கரணம். அம்மா சிரித்துக்கொண்டே செய்தார். மகன் படித்துவிட்டு வந்து சொல்லிக் கொடுக்கிறான் என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் பெருமை வேறு.

மறுநாள் காலை அம்மாவால் பிரட்டுக்குப் போக முடியவில்லை. அதற்கு மறுநாளும் முடியவில்லை. கழிவறையில் குத்தவைக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். இரண்டு நாள் சம்பளம் போனது. அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் சம்பளம் என்பது சின்னத் தொகை இல்லை.

“உன் படிப்ப வெளிய போய்க் காட்டுப்பா. என்கிட்ட வேணாம்.”

அதன்பிறகு ஏறத்தாழ ஓராண்டு, உடற்பயிற்சி என்ற பேச்சை எடுத்தாலே அம்மா வேறு பேச்சுக்கு மாறிவிடுவார். பயிற்சிக் காலத்தில் மூத்த சிகிச்சையாளர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். நான் கண்டுபிடித்த காரணத்தைப் பாராட்டுவார் என்று உள்ளூர ஆசை. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “எந்த நிலையில் ஆரம்பித்தாய்?”

நிற்கும் நிலையில். தளம் மிகச் சிறியது, மையம் மிக உயரம், முழு உடல் எடையும் காலில். அதுவும் ஒற்றைக் காலில். முதல் வகுப்பில் கற்ற பாடத்தை என் அம்மாவிடம் நான் தலைகீழாக நடத்தியிருந்தேன்.

மறுபடி தொடங்க அம்மாவைச் சம்மதிக்க வைத்தது என் அறிவு அல்ல, தொலைக்காட்சித் தொடர். பாயில் மல்லாந்து படுத்தபடியே பார்க்கலாம், எழுந்திருக்க வேண்டாம் என்றேன். முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, முழங்காலால் துண்டைக் கீழே அமுக்கச் சொன்னேன். ஐந்து எண்ணும்வரை பிடித்து, விட வேண்டும். மூட்டு அசையவே இல்லை. தசை மட்டும் இறுகுகிறது. நிலைத்த உழைப்பு. விளம்பர இடைவேளைக்குப் பத்துத் தடவை.

சில வாரங்கள் கழித்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி இடுப்பை உயர்த்துவது. பிறகு உட்கார்ந்த நிலை: உயரமான நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு, அதிலிருந்து எழுந்து நிற்பது, மெதுவாக உட்காருவது. தலையணை உயரம் இருப்பதால் இறங்க வேண்டிய தூரம் குறைவு. ஒரு தலையணையை எடுத்தோம். அப்புறம் இன்னொன்றையும். கடைசியாகத்தான், மேசையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் மண்டியிடும் நிலை. அம்மாவின் மூட்டுத் தேய்மானம் இதனால் மறைந்துவிடவில்லை. அப்படி மறையவும் மறையாது. ஆனால், ஐந்தாவது மாதத்தில் ஒருநாள் அவர் தரையில் தொப்பென்று விழாமல் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அவர் கவனிக்கவில்லை. காய் நறுக்கத் தொடங்கிவிட்டார்.

இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதே பயிற்சியைக் கொடுத்துவிடாதீர்கள். என் அம்மாவுக்குப் பொருந்தியது உங்கள் பாட்டிக்குப் பொருந்தாமல் போகலாம். வலிக்கு வேறு காரணம் இருக்கலாம். மருத்துவரையோ பதிவு பெற்ற சிகிச்சையாளரையோ பார்க்கச் செய்யுங்கள்.

இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களுக்கு

நம் மாநிலத்திலேயே இந்தப் படிப்பு இருக்கிறது. பீடோங் அருகேயுள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பு உண்டு. அரசுப் பல்கலைக்கழகங்களிலும் தனியார் கல்லூரிகளிலும் டிப்ளோமா முதல் பட்டம்வரை வழிகள் உள்ளன. நுழைவுத் தகுதியை அந்தந்தக் கழகத்திடமே கேட்டு உறுதி செய்யுங்கள். 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, இத்தொழிலைச் செய்ய விரும்புபவர் பதிவு பெற வேண்டும் என்கிறது. ஆகவே, சேருமுன் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். உயிரியல் மட்டும் போதாது. ஐந்தாம் படிவ இயற்பியலில் விசைகளைப் பிரித்துப் பார்க்கும் பாடத்தை ‘இது எதற்கு?’ என்று தள்ளிவிடாதீர்கள். தசை எந்தக் கோணத்தில் எலும்பை இழுக்கிறது என்பதெல்லாம் அதே கணக்குதான்.

மொழியும் ஒரு கருவி. பயிற்சிக் காலத்தில் ஒரு முதியவருக்கு முதுகுப் பயிற்சி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தசையைத் தளர்த்தச் சொல்ல நினைத்து, “தாத்தா, ரெஸ்ட் எடுங்க” என்றேன். அவர் எழுந்தார், சட்டையை மாட்டினார், குடையை எடுத்துக்கொண்டு, “நன்றிப்பா” என்று புறப்பட்டுவிட்டார். இப்போது ‘தொளதொளன்னு விடுங்க’ என்கிறேன். சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் அலோர்ஸ்டாரிலும் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த முதியவர்கள் சிகிச்சைக்கு வருகிறார்கள். ‘எங்கே வலிக்கிறது’ என்று கேட்பது பாதிக் கேள்வி. ‘எது செய்யும்போது வலிக்கிறது’ என்று அவர்கள் மொழியில் கேட்க ஆள் வேண்டும்.

உங்கள் முதுகைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேராக உட்கார் என்று பெற்றோர் அதட்டுகிறார்கள். 1960களில் சுவீடனின் நாகெம்சன் அளந்தபோது, நிற்பதைவிட உட்காரும்போது வட்டின் அழுத்தம் அதிகம் என்றார். நான் முன்பு சொன்ன வில்கேயின் அளவீட்டில் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக வந்தன. எனவே, ‘சரியான ஒரே உட்காரும் நிலை’ என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். எப்படிப்பட்ட நல்ல நிலையானாலும் மூன்று மணி நேரம் மாறாமல் இருந்தால் அது நிலைத்த உழைப்புதான். எஸ்.பி.எம். பயிற்சித்தாள் ஒன்று முடிந்ததும் எழுந்து நடங்கள். 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்கு இயக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொல்லியிருக்கிறது.

அம்மா இப்போது மரம் வெட்டப் போவதில்லை. போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது, முன்னறையில் பக்கத்து வீட்டு அத்தை மல்லாந்து படுத்திருந்தார். முழங்காலுக்கு அடியில் துண்டுச் சுருள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்துகொண்டிருந்தார்.

“அமுக்கு, அமுக்கு. மூச்ச அடக்காத. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. விடு.”

ஐந்து விநாடி இல்லை அது, இரண்டுதான் இருக்கும். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.